முன்பக்கச் சுவிச்

“உங்கடை சீல்தானே விட்டது, அண்ணை? உண்மையைச் சொல்லுங்கோ.”

ஜெயரட்ணம் கேட்டது மெதுவாகத்தான். சீமோன் ரோர்ச்சைக் காருக்குக் கீழே திருப்பினார். பதினொரு நாளாக அவர் நித்திரையில்லாமல் கிடந்ததே இந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

ரூஜ் பகுதியில் அந்த வீட்டுக் கராஜின் நடுவே ஜெயரட்ணத்தின் தம்பி றூபனின் கார் தாங்குகட்டைகளில் நின்றது. அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார். பழைய போர்விமானங்களின் எண்ணெய்ப் பம்பையும் வால்வுகளையும் தேடி வாங்கி, அந்தக் காலத்து இளைஞர்கள் செய்ததைப் போலவே அதற்குப் பூட்டியிருந்தான் றூபன். சுவிச்சை ஒரு பக்கம் தட்டினால் கார் எழும்பி நிற்கும். மற்றப் பக்கம் அமத்தினால் வயிறு நிலத்தில் முட்டப் படுத்துவிடும்.

பதினொரு நாளுக்கு முன்னர், வெள்ளிக்கிழமை பின்னேரம், முன்பக்கத்தை உயர்த்திவிட்டு, கட்டை வைக்காமல் கீழே வேலை செய்துகொண்டிருந்தவன்மேல் அது படுத்தது; ஆள் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டான். பொலிஸ் விபத்தென்று எழுதிவிட்டுப் போனது. அண்ணன்காரன் ஜெயரட்ணம் விடவில்லை. எண்ணெய் கசியாமலிருக்கச் சிலிண்டருக்குள் போடும் றப்பர் சீலை யூன் மாதம் மாற்றிக் கொடுத்தவர் அஜின்கோர்ட்டில் பட்டறை வைத்திருக்கும் சீமோன். அவரே வந்து கழற்றிப் பார்த்துத் தன் வாயால் சொல்லட்டும், மிச்சத்தைக் கோர்ட்டில் பார்க்கலாம் என்று கூப்பிட்டிருந்தான்.

றூபனின் மனைவி சந்திரவதனா தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு மணிக்கட்டிலும் விரல் பதிந்ததுபோல் கண்டிப்போன அடையாளம், ஓரம் மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தது. காருக்குக் கீழிருந்து புருசனை இழுத்தெடுக்கப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே சீமோன் கோப்பையை வாங்கினார்.

பற்றரிச் சாவி சுவரின் உயரத்து ஆணியில் தொங்கியது. அது இல்லாமல் எந்தச் சுவிச்சும் வேலை செய்யாது. கீழே படுக்க முன்னர் அதைக் கழற்றி மாட்டிவிடு என்று றூபனுக்குப் படித்துப் படித்துச் சொன்னவர் சீமோன்தான். நுனிக்காலில் நின்று எட்டி எடுத்தார்.

சிலிண்டரைக் கழற்றினார். சீல் போட்டபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. எண்ணெய்த் தாங்கி நிரம்பியிருந்தது. நிலத்தில் ஒரு சொட்டு இல்லை. அப்படியென்றால் எண்ணெய் வால்வு வழியாகத்தான் திரும்பிப் போயிருக்கிறது. யாராவது சுவிச்சை அமத்தாமல் அந்த வால்வு திறக்காது.

என் பிழையில்லை. மாதாவே, என் பிழையில்லை. பதினொரு நாளுக்குப் பிறகு சீமோனுக்கு மூச்சு வந்தது.

சொல்லத்தான் நிமிர்ந்தார். அப்போது முன்சீற்றில் கிடந்த சுவிச்சுப் பெட்டி கண்ணில் பட்டது. முன்பக்கச் சுவிச்சில் ஊதா நிற வண்ணத்துப்பூச்சி ஸ்ரிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது.

சமையலறைப் படியில் றூபனின் மகள் அட்சயா இருந்தாள். ஆறு வயது. மடியிலிருந்த தாளில் அதே வண்ணத்துப்பூச்சிகள். அன்றிலிருந்து பிள்ளை வாய் திறக்கவில்லை என்று ஜெயரட்ணம் வரும்போதே சொல்லியிருந்தான். சீமோன் அவளைப் பார்ப்பதைக் கண்டதும் சந்திரவதனா நடுவில் வந்து நின்றாள். பிள்ளையிடம் ஒன்றும் கேட்க வேண்டாம் என்றாள்.

சீமோனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடப் பட்டறை, லைசென்ஸ், கோயிலில் நாலு பேர் முகம் பார்த்துப் பேசுகிற பெயர் எல்லாம் ஒருதரம் மனதுக்குள் வந்து போயின. இந்தப் பிள்ளை இதை எத்தனை வருடம் சுமக்கும் என்பதும் வந்தது. அது மட்டும் போகவில்லை.

“என்ன அண்ணை, சொல்லுங்கோவன்,” என்றான் ஜெயரட்ணம்.

சீமோன் அந்த றப்பர் வளையத்தைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

“என்ரை பிழைதான், தம்பி. சீல் விட்டிட்டுது.”

ஜெயரட்ணம் கத்தவில்லை. வழக்கறிஞருக்கு ஃபோன் எடுத்தபடி உள்ளே போனான். சீமோன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். செய்தது சரியென்றே நெஞ்சு சொன்னது.

வான் வண்டியில் ஏறப்போகும்போது சந்திரவதனா பின்னால் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சீமோன்தான் தேற்றினார். சின்னப்பிள்ளை, தெரியாமல் அமத்திவிட்டது, ஒருநாளும் அவளிடம் இதைச் சொல்லிவிடாதே என்றார்.

அவளுக்கு முதலில் அவர் சொன்னது பிடிபடவில்லை. பிடிபட்டதும் அழுகை நின்றது. வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டைத் தடவியபடி சொன்னாள்:

“பிள்ளை இல்லை, அண்ணை. அவளுக்கு அந்தச் சாவி எட்டாது. நான்தான் அமத்தினன்.”