கூடத்தில் தூளி கட்டப்படாது

"இதோ பாருங்கோ, கூடத்துல தூளி கட்டப்படாது. இப்பவே சொல்லிட்டேன்!"

பின்னறை வாசலில் நின்று ஜகதாம்பாள் இரைந்தாள். பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த விஜயலக்ஷ்மி திகைத்துப்போனாள்.

பவானிபூரில் அந்த மாடியை இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தன. முன்னறை ஜகதாம்பாளுக்கும் அவள் புருஷன் மஹாதேவனுக்கும். சமையலறையை ஒட்டிய பின்னறை விஜயலக்ஷ்மிக்கும் சிவராமகிருஷ்ணனுக்கும். நடுவில் காற்றோட்டமான கூடம், இரு வீட்டாருக்கும் பொது.

சாயங்காலமானால் பின்னறை முழுக்கக் கரியடுப்புப் புகை. குழந்தை இருமி இருமி முகம் சிவந்துபோகும். தூளியைக் கூடத்துக்கு மாற்றலாமே என்று சிவராமகிருஷ்ணன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். பிரசவத்துக்கு ஒத்தாசையாகத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அவன் அக்கா பாகீரதிதான் மசியவில்லை.

"பிள்ளையில்லாதவ போக வர இடம்டா. கண் பட்டா யார் பதில் சொல்றது? புகை ஒண்ணும் பண்ணாது."

இப்படிக் கூடத்துப் பக்கமே போகாதவர்களிடம் வலிய வந்து சண்டைக்கு நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"ஏன் கட்டப்படாது?" பாகீரதி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"குழந்தை அழும். எனக்கு மத்தியானத் தூக்கம் போயிடும்."

அடப்பாவமே, இதுவும் ஒரு பொம்மனாட்டியா! கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்த மஹாதேவனாவது பெண்டாட்டியை அடக்க வேண்டாமா? மனுஷர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"பச்சைக் குழந்தை புகையில மூச்சுத் திணர்றது, உங்களுக்குத் தூக்கம் கேக்கறதோ?" என்றாள் பாகீரதி. நேற்றுவரை ஒன்றும் பண்ணாத புகை! "கூடத்துல எங்களுக்கும் பாதி பாத்தியதை உண்டு. அங்கேதான் கட்டப்போறேன். டேய் சிவராமா, ஸ்டூலை எடு!"

"கட்டினா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

"வராதேங்கோ! உங்க ரூமுக்கு வராந்தாப் பக்கம் கதவு இருக்கே, அது வழியாப் போங்கோ. குழந்தை மேல உங்க நிழல்கூடப் படப்படாது."

ஜகதாம்பாள் குழந்தையை ஒரு தரம் பார்த்தாள்.

"அப்படியே ஆகட்டும்" என்றாள். விடுவிடுவென்று போய் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிவராமகிருஷ்ணன் ஸ்டூலில் ஏறினான். உத்தரத்தில் ஆணி அடிக்கச் சுத்தியலை ஓங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இங்கே புதுசா வளையம் மாட்டியிருக்கே!"

"நம்மளைக் கேக்காம எவன் மாட்டினான்?" பாகீரதி சீறினாள்.

மஹாதேவன் பேப்பரை விசிறி எறிந்துவிட்டு எழுந்தார்.

"நான்தான் மாட்டினேன். நேத்திக்கு நீங்க அக்காவும் தம்பியுமா காளிகாட் கோயிலுக்குப் போயிருந்தேளே, அப்போ. கிறீச்சுன்னா குழந்தை முழிச்சுக்கும்னு ஜகதாதான் அதுக்கு எண்ணெய் போட்டா. 'கட்டுங்கோன்னு நான் சொன்னா அந்த மாமி கட்டமாட்டா. கட்டப்படாதுன்னு சொல்லிட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் உங்ககிட்ட வந்தா!"