ஒப்புட்டு தின்றுவிட்டுப் போனவன்

பெண் பார்க்க வந்து, ஒப்புட்டு என்கிற போளியை மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்று, சிரித்துப் பேசிவிட்டுப் போனவன் மறுநாள் போனில், "எனக்குச் சரிப்படாதுங்க" என்று சொன்னால் எவனுக்குத்தான் பொறுக்கும்?

பல்லடத்தில் தறி ஓட்டும் காளிச்சாமிக்குப் பொறுக்கவில்லை. பொதுவாகவே அவருக்குப் பொறுக்காது. புதுமனைப் பத்திரிகையை நேரில் வைக்காமல் போனில் அனுப்பினான் என்று கூடப்பிறந்த அண்ணனோடு இன்றைக்கும் பேச்சில்லை. பந்தியில் தனக்கு மட்டும் பாயசம் ஊற்றாமல் தாண்டிப் போன ஒருவரின் சாவுக்கே அவர் போகவில்லை.

பெண், தங்கை நாச்சியம்மாளின் மகள் லோகப்பிரியா. அப்பா இல்லாத பிள்ளை. தாய்மாமன் சொன்னதுதான் அந்த வீட்டில் சட்டம். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் ஜப்பானிய மொழியும் அந்த நாட்டுப் பண்பாடும் பி.ஏ. படிக்கிறாள். எந்தப் பாடம் என்று தன்னைக் கேட்காமல் சேர்ந்துவிட்டாள் என்று அதிலும் அவருக்கு ஒரு கோபம் உண்டு.

"அஞ்சாவதோட நின்ன நானே எழுத்தையெல்லாம் ஒண்ணாப்புல முடிச்சுப்போட்டேன். இவ பி.ஏ. ரெண்டாவது வருசம், இன்னும் எழுத்தேதான் எழுதீட்டிருக்கறா" என்பார், வருகிறவர்களிடமெல்லாம்.

"அங்க எழுத்து ஆயிரக்கணக்குல இருக்குதுங்க மாமா."

"அத்தனை எதுக்கு? நம்முளுது எரநூத்திச் சில்லறை. அதே எச்சா."

இந்த நேரத்தில்தான் பெருந்துறையிலிருந்து வரன் வந்தது. பையன் அருள்குமாருக்கு ஜப்பானில் கார் கம்பெனியில் வேலை. காளிச்சாமி அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

"தை பொறந்தா கல்யாணம். படிச்ச வரைக்கும் போதும். மீதி எழுத்தை அங்க போய் எழுதிக்கட்டும்."

லோகப்பிரியா பாதிச் சோற்றோடு எழுந்து போனாள்.

பெண் பார்க்க வந்த அன்று பையனின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க, சின்னஞ்சிறுசுக தனியா ரெண்டு வார்த்தை பேசிக்கட்டுமுங்களா?"

"அந்தப் பழக்கம் நம்மூட்டுல இல்லீங்க. என்ன பேசறதா இருந்தாலும் இங்கயே, எல்லாருக்கும் முன்னால பேசட்டும்" என்ற காளிச்சாமி, கூடவே ஒரு யோசனையும் சொன்னார். "சும்மா பேசறதுக்கு ஜப்பான் பாசையிலயே பேசட்டுமே. இவ படிச்சது ஏதாச்சும் தேறுமான்னு மாப்பிள்ளை பாத்துச் சொல்லிப்போடட்டும்."

பேசினார்கள். லோகப்பிரியா தரையைப் பார்த்தபடி நீளமாக என்னவோ சொன்னாள். பையன் விழித்தான். ஏதோ கேட்டான். அவள் மாமாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள். பையன் சிரித்துவிட்டான். உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்குத் தலை வணங்கினான்.

"எப்படிங்க மாப்பிள்ளை, தேறுங்களா?"

"நல்லாப் பேசறாங்க. ஒரு தப்பு இல்லீங்க."

காளிச்சாமி தங்கையின் காதில் சொன்னார்: "சிரிப்பைப் பாத்தியா நாச்சி? படிஞ்சுபோச்சு."

மறுநாள்தான் அந்த போன்.

"எம்புள்ளைக்கு என்ன கொறைச்சலைக் கண்டான்?" காளிச்சாமி தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினார். எம்புள்ள என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "அம்மணி, நீ படிப்பை முடி. அதுக்கு மேலயும் படி. அவன் இருக்கற ஊருக்கே நீ போகோணும். அவன் கண்ணு முன்னால நடக்கோணும். எத்தனை வருசமானாலுஞ் சரி, நான் படிக்க வெக்கறேன்."

படித்தாள். பி.ஏ. முடித்து, மேற்படிப்புக்கு ஜப்பானிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓர் உறவுக்காரர் கல்யாணம். காளிச்சாமி பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்தாரோ இல்லையோ, மண்டபத்தில் ஒருவர் விடாமல் செய்தியைச் சொல்லிவிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவப் போனால், பக்கத்துக் குழாயில் அருள்குமார். லீவில் வந்திருக்கிறான்.

"என்னங்க தம்பி, நெனப்பிருக்குதுங்களா? அன்னிக்கு ஒப்புட்டு நல்லாருந்துச்சுங்களா?"

"நல்லாருந்துச்சுங்க."

"உங்களுக்குச் சரிப்படாத புள்ள அடுத்த வாரம் ஜப்பானுக்குப் போறாளுங்க. உங்க சம்பாத்தியத்துல இல்லீங்க, அவ படிப்புல." குரல் ஏறியது. "திங்கத் தெரிஞ்ச வாய்க்கு நாயம் பேசத் தெரியலீங்களே. வளத்தவங்க வளத்த லட்சணம் அப்படிங்க."

கை கழுவ வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பையனின் முகம் சிவந்துவிட்டது. குனிந்து, கழுவின கையையே மறுபடியும் கழுவினான்.

லோகப்பிரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "போதுமுங்க மாமா. நான் சொல்றதைக் கேளுங்க..."

அவள் மேலே பேசுவதற்குள் அருள்குமார் குறுக்கே புகுந்து அவளிடம் ஜப்பானிய மொழியில் சட்டென்று ஏதோ சொன்னான். காளிச்சாமியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தான்.

"என்ன சொல்லீட்டுப் போறான்? என்னைய வையறானா?"

"அன்னிக்கு அவரை வேண்டாம்னு சொல்லச் சொன்னதே நாந்தானுங்க மாமா." லோகப்பிரியா அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "படிக்கோணும்னு ஆசையா இருந்துச்சு. நானா வேண்டாம்னு சொன்னா நீங்க ஆயுசுக்கும் எங்கூடயும் அம்மாகூடயும் பேச மாட்டீங்கன்னு அவருகிட்டச் சொன்னேன்."

காளிச்சாமி குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"இப்ப என்ன சொன்னான்? அதைச் சொல்லு."

"'உண்மையச் சொல்லிப்போடாதீங்க. அந்தக் கோவம் எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும், நான் மூணாம் மனுசன்தானே, எங்கூடப் பேசாட்டி அவருக்கு ஒரு நட்டமும் இல்லே'ன்னு சொல்லீட்டுப் போறாருங்க."