மாடியறைக்கு ஒரு ட்ரையல்

“கதவு பூட்டல, உள்ள வாங்க.”

காபிக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்ற தாடிக்காரர் சொன்னதும், இலோனா அவசரமாக உள்ளே நுழைந்தாள்.

ஒரு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றலாம் என்று ஹங்கேரியிலிருந்து நியூசிலாந்துக்கு வந்தவள். செர்ரி பறிக்கும் காலம் என்பதால் ஊரில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. நேற்று விடுதியின் துணி துவைக்கும் அறையில் படுத்தாள். இன்று அதுவும் கிடையாது. நல்லவேளை, இந்தக் கடையிலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது: ‘காலையில் ட்ரையலுக்கு வா, வேலை செய்து காட்டு. உன் வேலை பிடித்திருந்தால் மாடியறையும் உனக்கு.’

முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும். பையைக் கல்லாவுக்கு அடியில் தள்ளினாள். அங்கே ஏற்கெனவே ஒரு பை கிடந்தது. யாரும் சொல்வதற்கு முன்பே வாசல் பலகையை ‘திறந்திருக்கிறது’ என்று திருப்பி வைத்தாள்.

தாடிக்காரர் சட்டென்று நிமிர்ந்து நின்றார். “நான் ரென்சோ.”

“இலோனாங்க. ஏதாவது தப்பா செஞ்சா தயங்காம சொல்லிடுங்க.”

“நான் சொல்றதாவது, நல்லா இருக்கு போங்க” என்று சிரித்தார்.

சற்று நேரத்தில் தோட்டத்து ஆட்கள் திமுதிமுவென்று வந்தார்கள். காபியும் சீஸ் ஸ்கோன் ரொட்டியும் கேட்டார்கள். ரென்சோ இலோனாவையே பார்த்தார். சோதிக்கிறார் மனுஷன் என்று புரிந்துகொண்டு, அவளே காபி போட்டாள்.

“உங்க கைப்பக்குவமே தனிங்க” என்றார் ரென்சோ. “பாத்திரத்த நான் கழுவிடட்டுமா?”

“ஐயையோ, நீங்க எதுக்கு?”

“எந்த வேலைன்னாலும் செய்வேங்க.”

இப்படி ஒரு தங்கமான முதலாளியா என்று இலோனாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. கொஞ்சம் கழித்து, “பசிக்குது, ஒரு ஸ்கோன் எடுத்துக்கட்டுமா?” என்று வேறு கேட்டார். நல்ல தமாஷ் பேர்வழி.

கூட்டம் குறைந்த நேரத்தில், முழங்கால்வரை சேறு படிந்த ரப்பர் பூட்ஸோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார்.

காலையெல்லாம் துடைத்த தரை. இலோனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏங்க, பூட்ஸ வாசல்ல கழட்டிட்டு வாங்க. இந்த ஊர் வழக்கத்த நானா உங்களுக்குச் சொல்லணும்?”

அம்மாள் வெளியே போய், காலுறையோடு திரும்பி வந்தார். கடையைச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“ஆடுங்க வேலியத் தாண்டிடுச்சு. பிடிச்சு அடைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. நான்தான் ரேவின். என் கடையிலயே என்னை வெளிய அனுப்பின மொத ஆள் நீதாம்மா” என்று விழுந்து விழுந்து சிரித்தார். “ட்ரையலுக்கு உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, ஒரு ஆளத்தான் எடுக்கறதா இருந்தேன். பரவால்ல, மாடியில ரெண்டு ரூம் இருக்கு. ரெண்டு பேரும் பையத் தூக்கிட்டுப் போங்க.”

இலோனா ரென்சோவைத் திரும்பிப் பார்த்தாள்.

கையில் பாதி ஸ்கோனோடு அவனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். “அடிப்பாவி, அப்ப காலையிலேருந்து நான் யாருக்குப் பயந்துட்டு இருந்தேன்?”