இரண்டு புள்ளி ஒன்று ஏழு

பிஸ்கட்டை மென்றபடியே தேர்வுக்குழுத் தலைவர் இரண்டு தாள்களை என் பக்கம் தள்ளினார். படித்துச் சொல் என்பதுபோல் தாடையை ஆட்டினார்.

ஒன்று ஐ.ஆர். படம். இன்னொன்று என்.எம்.ஆர். படம்.

முதலாவது, ஒரு வேதிப்பொருளுக்குள் என்னென்ன பிணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும். இரண்டாவது, ஒவ்வொரு ஹைட்ரஜனும் யாருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது என்று காட்டும். பொருளுக்கு விலாசம் கண்டுபிடிக்கிற வேலை. இந்த வேலைக்குத்தான் நேர்காணல். இருப்பது ஒரே இடம்.

மாதச் சம்பளம் என்ற ஒன்றை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வாங்கியதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று அம்மா வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதுவரை வாயைக் கொடுக்கவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று தலைவர் கேட்டார். லாரி ஓட்டுகிறார் என்றேன். இப்போதெல்லாம் எல்லோரும் கெமிஸ்ட்ரிக்கு வந்துவிடுகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். புத்தகத்தில் படிப்பது வேறு, மிஷினில் கை வைப்பது வேறு, உனக்கு அனுபவமே இல்லையே என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தாளைப் படித்தேன்.

ஐ.ஆரில் ஆயிரத்து எழுநூற்று இருபதில் ஆழமாக ஒரே ஒரு பள்ளம். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில், எஸ்டர். என்.எம்.ஆரில் பென்சீன் வளையத்து ஹைட்ரஜன்கள் இடது ஓரத்தில். அப்புறம் நாலாகப் பிளந்த ஒரு கோடு, மூன்றாகப் பிளந்த ஒரு கோடு. எத்தில். புருஷன் பெண்டாட்டி மாதிரி, ஒன்று இருந்தால் பக்கத்திலேயே மற்றது இருந்தாக வேண்டும் என்றேன். குழுவில் இருந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

தலைவர் பேனா முனையை ஒரு ஒற்றைக் கோட்டின் மேல் வைத்தார். இரண்டு புள்ளி ஒன்று ஏழு.

அது அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையில் வந்த படம். நேர்காணலுக்காக விடைகளின் மேல் வெள்ளை மை பூசியிருந்தார்கள். பூசிய லட்சணத்தில், 'அசிட்டைல்' என்று அடியில் அச்சடித்திருந்தது பளிச்சென்று தெரிந்தது. எஸ்டரின் வளையத்தில் அசிட்டைலை ஒட்டவைத்துப் புதுப் பொருள் செய்ததாகத்தான் அந்தக் கட்டுரையே.

அதைப் பார்த்து வாசித்தால் போதும். வேலை என்னுடையது. அம்மாள்கூட 'சொல்லேன்' என்று கண்ணாலேயே ஜாடை காட்டினார்.

"அசிட்டோன் சார்," என்றேன்.

மெல்வது நின்றது.

அசிட்டைலுக்கும் ஒரு கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு உண்டே, ஐ.ஆரில் அதற்கான இரண்டாவது பள்ளம் எங்கே என்று கேட்டேன். என்.எம்.ஆரில் அதன் மூன்று ஹைட்ரஜனுக்கு உரிய பரப்பு வேண்டும்; இந்தக் கோட்டுக்கு அடியில் ஒன்றுக்குக்கூடக் காணாது. சாம்பிள் போடுகிற கண்ணாடி ட்யூபை அசிட்டோனில் கழுவிவிட்டுக் காயவிடாமல் அடுத்ததைப் போட்டால் மிகச் சரியாக இந்த இடத்தில்தான் முளைக்கும். எதை வைத்து ஆரம்பித்தார்களோ அதுதான் கடைசியிலும் இருக்கிறது, புதிதாக எதுவும் ஒட்டவில்லை என்றேன்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எத்தனையோ பெரிய ஆட்கள் படித்துப் பாராட்டிய கட்டுரை இது என்றார். குரல் இன்னும் சிரிப்பை விடவில்லை.

"காயாத ட்யூபுன்னு பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி சொல்றியேம்மா."

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. அம்மாவின் முகமும் தோன்றியது. ஆனால் இதை விட்டால் வேறு எந்த அறையில் இந்த மனிதர் என் எதிரே உட்காரப் போகிறார்?

"கழுவினதே நான்தான் சார். உங்க லேப்ல, கீழ்த்தளத்துல, ஒரு வருஷம் அந்த மிஷினை ஓட்டினது நான். நீங்க ஒரு நாளும் கீழ இறங்கி வரலை. எல்லாருக்கும் புது ட்யூப் வந்துச்சு; எனக்கு விளிம்பு உடைஞ்சது ஒண்ணுதான், அதையே கழுவிக் கழுவிப் போடணும். இது சரியில்ல, மறுபடி ஓட்டணும்னு கேட்டேன். கிடைச்சதே போதும்னு மேலேயிருந்து சொல்லிட்டாங்க. தினக்கூலிக்கு வந்தவளுக்கு அனுபவச் சான்றிதழ் கிடையாதுன்னும் அவங்கதான் சொன்னாங்க."

அம்மாள் இரண்டு தாள்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். தலைவரின் கை அடுத்த ஆளைக் கூப்பிடும் மணியின் மேல் போனது. அடிக்கவில்லை.

நான் நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

"அடுத்த கேள்வி கேளுங்க சார்."