சிரிக்காத வீடு

பிலோமினாவுக்குச் சிரிப்பை அடக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

நல மைய ஊழியர்களான எங்கள் சட்டையில் ஒரு கண்ணாடிப் பொத்தான் இருக்கும். போகிற வீட்டில் இருப்பவர்களின் முகத்தை அது படிக்கும். உதவி பெறுகிறவர் தொடர்ந்து மூன்று சந்திப்புகளில் மனம்விட்டுச் சிரித்தால், தேறிவிட்டார் என்று கேஸை மூடிவிடும். கேஸ் மூடினால் மையம் கொடுத்த அறையும் போய்விடும். பிறகு, மண்டையை உடைத்த கணவனிடம்தான் பிலோமினா திரும்ப வேண்டும்.

அதனால் முதல் நாளே வாசலில் வைத்துச் சொன்னேன். "நான் இருக்க அரை மணி நேரமும் பல்லக் காட்டிராத, கேட்டியா?"

இரண்டு வருடம் அப்படியே ஓட்டினோம். நான் வாய் தவறி வேடிக்கையாக ஏதாவது சொன்னால், அவள் முந்தானையைக் கடித்துக்கொள்வாள். கைக்குழந்தையாக வந்த ஜெர்லின் மடியில் கிடந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேற்று படியேறும்போதே ஜெர்லினின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டது.

பொத்தான் ஒலித்தது. கைபேசியில் ஜெர்லின் பெயரில் புதிய கேஸ்.

'இரண்டு வருடமாகச் சிரிக்காத குழந்தை. இன்றும் சிரிக்காவிட்டால் தாயிடமிருந்து பிரித்துக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கவும்.'

படித்துச் சொன்னேன். பிலோமினா பதறிப்போய்க் குழந்தையை வாரி எடுத்துக் கிச்சுகிச்சு மூட்டினாள்.

"சிரி மக்ளே... ஆன்ட்டி முன்னால ஒரே ஒருவாட்டி சிரிச்சிரு!"

குழந்தை நெளிந்தாள், துள்ளினாள், கண்ணில் நீர் முட்டியது. என் சட்டையைப் பார்த்தபடியே அம்மாவின் முந்தானையை இழுத்து இறுக்கக் கடித்துக்கொண்டாள்.