முதல் குடம்

டொம்மென்று ஒரு குடம் உருளும் சத்தம். அதன் பின்னாலேயே ஆராயியின் குரல்:

"ஏண்டி, கண்ணு தெரியல? வரிசைல வந்து நில்லுடி!"

சரோஜா வாசலுக்கு ஓடி வந்தாள். குழாயடிச் சண்டை அந்தத் தெருவுக்குப் புதிதில்லை. காலைக் காப்பி மாதிரி, அது இல்லாவிட்டால்தான் தலை வலிக்கும். ஆனால் இன்று ஆராயி இடுப்பில் கை வைத்துக் கத்திக்கொண்டிருந்தது இங்கிரிட்டைப் பார்த்து!

இங்கிரிட் ஜெர்மன்காரி. புருஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர். ஐந்து வயது மகளோடு கோடி வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. வந்த முதல் வாரமே சரோஜா தெருவுக்கு ஒரு சட்டம் போட்டுவிட்டாள். வரிசை எவ்வளவு நீளமானாலும் டாக்டரம்மாவுக்குத்தான் முதல் குடம்.

"பாவம், தேசம் விட்டு தேசம் வந்தவங்க. நம்ம மரியாதைய நாம காட்டணும் இல்ல?"

அந்தச் சட்டத்தைத்தான் இட்லிக்கடை ஆராயி இன்று உடைத்திருந்தாள். உருண்டு கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். ஏழு குடங்களுக்குப் பின்னால், சரோஜாவின் பித்தளைக் குடத்துக்கு முன்னால், 'நங்'கென்று வைத்தாள்.

"இதான் உன் எடம். மொறை வந்தா புடி. எனக்கு மட்டும் இட்லி தானா வேகுதா?"

இங்கிரிட்டின் முகம் தக்காளியாகச் சிவந்தது. குடத்தை அப்படியே விட்டுவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

"போச்சு!" என்றாள் சரோஜா. "குடத்தக்கூட எடுக்கல பாரு. டாக்டர்கிட்ட சொல்லுவாங்க. போலீஸ் வரும். வேலூர்லேருந்து கலெக்டர் வருவாரு. ஜெர்மனிக்காரன் கப்பல் ஏறி வருவான்!"

"வரட்டுமே சரோஜாக்கா. அவனையும் வரிசைல நிக்கச் சொல்றேன்."

"வாயாடாத. நட, மன்னிப்பு கேட்டுட்டு வந்துடலாம்."

"எனக்கு ஜோலி ஜாஸ்தி கெடக்கு. மாவு பொங்கிடும்."

"ஊரே பொங்கிடும் போலிருக்கு, மாவாம் மாவு!"

கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள் சரோஜா.

கோடி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் இரண்டு பெரிய பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. சுற்றிலும் துணிமணி. நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள் இங்கிரிட்.

"பாத்தியா? மூட்டை கட்டறாங்க. உன் வாயால ஒரு குடும்பமே ஊரை விட்டுப் போகுது" என்று கிசுகிசுத்த சரோஜா, குரலைக் குழைத்துக்கொண்டாள். "அம்மா, இவ படிக்காதவ. மனசுல வச்சுக்காதீங்க. குடத்தக்கூட விட்டுட்டு வந்துட்டீங்களே!"

இங்கிரிட் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. வாய் சிரித்தது.

"எல்லாரும் குடத்தை வரிசைல விட்டுட்டுத்தானே வீட்டுக்குப் போறீங்க?"

"இல்ல... இந்தப் பெட்டி..."

"நேத்து கட்டினேன். இன்னிக்கு அவுக்கறேன்."

இரண்டு பேரும் விழித்தார்கள்.

இங்கிரிட் வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினாள். "நீங்க உங்களுக்குள்ள தினமும் சண்டை போடறீங்க. சாயந்தரம் ஒண்ணா உக்காந்து பூ கட்டறீங்க. என்கிட்ட மட்டும் 'வாங்கம்மா, போங்கம்மா'. என் பொண்ணு ஓடிப் பிடிச்சு விளையாடறா. எந்தப் பிள்ளையும் அவளை அவுட் ஆக்கறதில்ல. தினமும் ஜெயிச்சுட்டு வந்து அழறா. விருந்தாளின்னா ஒரு நாள் ஊருக்குப் போயிடணும் இல்லியா? அதான் கெளம்பிடலாம்னு இருந்தேன். இன்னிக்குத்தான் இவங்க திட்டினாங்க."

ஆராயி மூக்கை உறிஞ்சினாள்.

"அடிப் பைத்தியமே! மொதல்லியே சொல்லியிருந்தா தெனமும் நாலு திட்டு திட்டியிருப்பேனே. எனக்கு இன்னா செலவா?"

சரோஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதுக்கில்லம்மா. உங்க மேல இருக்கிற மரியாதையிலதானே, முதல் குடம் உங்களுக்குன்னு நான்..."

"தெரியும் சரோஜாம்மா." இங்கிரிட்டின் குரலில் கோபமே இல்லை. ஒரு குட்டிப் பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறி மடித்தாள். "முதல்ல பிடிச்சுட்டுப் போயிட்டா என் குடம் உங்க குடத்து மேல படாது. நான் போனதும் நீங்க புளி போட்டுக் குழாயைத் தேய்ச்சுக் கழுவுவீங்க. ஜன்னல்லேருந்து பாத்திருக்கேன். ஆறு மாசத்துல என் குடத்தைக் கையால தொட்டது இவங்க ஒருத்தர்தான்."

சரோஜா குழாயடிக்குத் திரும்பினாள். வரிசை நகர்ந்துவிட்டிருந்தது. அவள் குடம் நகர வேண்டுமென்றால் முன்னால் நிற்கிற சிவப்புக் குடம் நகர வேண்டும். அக்கம் பக்கம் பார்த்தாள். பிறகு குனிந்து அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி முன்னால் வைத்து, தன் குடத்தை அதை ஒட்டினாற்போல் நகர்த்திவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றாள்.