செண்பகனூர் வளைவில் ஒரு காட்டுமாடு

இன்ஸ்பெக்டர் திருமலைச்சாமியின் உச்சந்தலையில் யூகலிப்டஸ் தைலத்தைக் கவிழ்த்து, நெற்றி, கழுத்து, மீசை என்று ஓரிடம் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார் எஸ்.ஐ. செல்வமுருகன். கொடைக்கானல் குளிர் தாங்காமல் யாருக்கோ ஜன்னி கண்டுவிட்டது என்று நினைத்து, டவுன் பஸ்ஸில் போனவர்கள் பாவமாகப் பார்த்தார்கள்.

ஜன்னியும் இல்லை, ஜலதோஷமும் இல்லை. கீழேயிருந்து லீவில் மலைக்கு வந்த திருமலைச்சாமி, குளிருகிறது என்று சொல்லிக் காலையிலேயே பாட்டிலைத் திறந்துவிட்டார். பிறகு காரை எடுத்தவர், செண்பகனூர் வளைவில் விசாலாட்சியின் காய்கறிக் கடைக்குள் கொண்டுபோய்த்தான் நிறுத்தினார். நல்லவேளை, விசாலாட்சி அப்போது பின்பக்கம் டீ போட்டுக்கொண்டிருந்தாள். காரட்டும் பீட்ரூட்டும் ரோடு முழுக்க உருண்டு கிடந்தன.

"இன்னும் ஊத்துய்யா. வாடை போகல" என்றார் செல்வமுருகன்.

"ரெண்டு பாட்டில் தைலமும் காலிங்க ஐயா" என்றார் ஏட்டு ஆண்டிச்சாமி.

செல்வமுருகனுக்குப் போலீஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தவரே திருமலைச்சாமிதான். அவர் பெயர் இருக்கும் டி.எஸ்.பி. பதவி உயர்வுப் பட்டியல் இந்த வாரம் வரப்போகிறது. இந்த நேரத்தில் குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஒரு வழக்கு விழுந்தால் எல்லாம் போச்சு. வேறு ஆளாக இருந்தால் வழக்கைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்; இது சொந்த டிபார்ட்மெண்ட் ஆயிற்றே!

விசாலாட்சி இடுப்பில் கைவைத்து வந்து நின்றாள். "ஏன் சார், எங் கடை குப்புறக் கெடக்கு. நீங்க அவருக்கு எண்ணெ தேச்சு விட்டுக்கிட்டு இருக்கீங்க? வெரசா அந்த மெஷின எடுத்து ஊதச் சொல்லுங்க."

"மெஷின் ரிப்பேரும்மா."

"இன்னிக்குக் காலையில வெள்ளனே எந் தம்பிய ஊதச் சொல்லி ஃபைன் போட்டீங்களே, அந்த மெஷினு?"

"அவன் ஊதினதுலதான் ரிப்பேரே ஆச்சு."

"நான் ஊதுறேன், நான் ஊதுறேன்" என்று திருமலைச்சாமி உற்சாகமாகக் கையைத் தூக்கினார். செல்வமுருகன் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

அந்த நேரத்தில்தான் செல்வமுருகனின் மூளைக்குள் காட்டுமாடு புகுந்தது. கொடைக்கானலில் ஏரிக்கரை, பஸ் ஸ்டாண்டு என்று எல்லா இடத்திலும் புகுகிற மாடு, இங்கே வந்ததாகச் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

"இங்க பாருங்கம்மா, சார் ஒழுங்காத்தான் வந்தாரு. காட்டுமாடு குறுக்க வந்துருச்சு. அதுமேல மோதித்தான் வண்டி உங்க கடைக்குள்ள வந்துச்சு."

"எந்த மாடு? நான் ஒரு கன்னுக்குட்டியக்கூடப் பாக்கலியே!"

"நீங்க பின்னாடி டீ போட்டுக்கிட்டு இருந்தீங்க, எப்படிப் பாப்பீங்க? மாடுன்னா ஃபாரஸ்ட்டுல நஷ்டஈடு கேக்கலாம். குடின்னா நீங்கதான் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலையணும். எது வசதின்னு யோசிச்சுக்குங்க."

விசாலாட்சி யோசித்தாள். வெகு சீக்கிரமே யோசித்து முடித்தாள். "ஆமாங்க சார், தஸ்ஸு புஸ்ஸுன்னு ஏதோ மூச்சுச் சத்தம் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றபடி செல்போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள்.

ஆண்டிச்சாமி தலையைச் சொறிந்தார். "ஐயா, மாட்ட இடிச்சோம்னு நாமளே சொல்லலாமுங்களா? அது யார் வீட்டு மாடும் இல்லியே..."

"ஒஞ் சோலியப் பாருய்யா. மாடு வந்து சாட்சி சொல்லவா போகுது?"

செல்வமுருகன் குனிந்து திருமலைச்சாமியின் காதில் ஓதினார். "அண்ணே, யார் கேட்டாலும் காட்டுமாட்டுல மோதிட்டேன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க."

"மாடு. மோதிட்டேன்" என்று அவரும் சமர்த்தாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் வனத்துறை ஜீப் வந்து நின்றது. ரேஞ்சர் ஜெயப்பிரியா இரண்டு வனக் காவலர்களோடு இறங்கினார். விசாலாட்சி போன் போட்ட வேகத்தைப் பார்த்து செல்வமுருகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேடிக்கை பார்க்க டூரிஸ்டுகளும் வண்டியை ஓரங்கட்டி, செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

ஜெயப்பிரியா நசுங்கிய காரைச் சுற்றிவந்து பார்த்தார். "மாட்ட இடிச்சது யாரு?"

திருமலைச்சாமி விறைப்பாக எழுந்து ஒரு சல்யூட் வைத்தார். "நான்தான் மேடம், இன்ஸ்பெக்டர் திருமலைச்சாமி! என்னா மாடுங்குறீங்க, லாரி சைஸு! விட்டேன் பாருங்க ஒரு இடி. அப்படியே உருண்டு பள்ளத்துல விழுந்து செத்துப்போச்சு!"

சொல்லிக்கொடுத்தது ஒரு வரிதான். மிச்சத்தைப் பாட்டில் சேர்த்துக்கொண்டது.

"காட்டுமாட்டக் கொல்றது புலியக் கொல்ற மாதிரி சார். அதே சட்டம், அதே ஜெயிலு. வருஷக்கணக்குல உள்ள இருக்கணும், ஜாமீன் லேசுல கெடைக்காது. ஜீப்புல ஏறுங்க" என்றார் ஜெயப்பிரியா. வனக் காவலர்கள் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்தார்கள்.

செல்வமுருகன் ஜெயப்பிரியாவின் பின்னாலேயே ஓடினார். பதவி உயர்வு போகட்டும். இப்போது வேலையே போய், அண்ணன் கம்பி எண்ணப்போகிறாரே! "மேடம், மேடம்! மாடே வரலைங்க மேடம்!"

"அவரே ஒத்துக்கிட்டாரு. இத்தன பேரு வீடியோ எடுத்திருக்காங்க. ஒரு இன்ஸ்பெக்டர் நிதானமாச் சொல்றத நான் எப்படி சார் நம்பாம இருக்கறது?"

ஜீப் கிளம்பியது. செல்வமுருகன் ஓடிப்போய் அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று, அத்தனை செல்போனுக்கும் கேட்கும்படி அலறினார்.

"ஐயோ மேடம், அவரு பேச்ச நம்பாதீங்க... ஆளு காலையில இருந்தே முழு போதையில இருக்காரு!"